போடிமெட்டு மலைப்பாதையில் லாரியை நிறுத்தி உதவிய அண்ணனுக்கு

அண்ணே, அந்தப் பதற்றத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன். இது எப்படியாவது உங்கள் கண்ணில் பட வேண்டும்.

அப்பாவின் பழைய பெட்ரோல் ஜீப் பிக்கப்புக்கு 2112 சிசி பியூஜோ டீசல் என்ஜின் ஏற்றி, அன்றுதான் முதல் மலைப் பயணம். போடியிலிருந்து மெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவதில் வண்டி மூச்சுத் திணறி நின்றது. செல்ஃப் அடித்து அடித்து பேட்டரிதான் இறங்கியது.

"டீசல் லைன்ல காத்து புடிச்சிருக்கு தம்பி" என்று சொல்லிக்கொண்டே ஃபில்டர் மேலிருந்த போல்ட்டைத் தளர்த்தினீர்கள். கை பம்ப்பை அமுக்க அமுக்க டீசல் நுரை நுரையாக வந்தது. காற்று நுழைந்த இடம், தேய்ந்துபோன ஒரு செம்பு வாஷர். மாற்று இல்லை. லாரி ஸ்டவ்வில் அதைச் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டீர்கள். அப்படிச் சுட்டால் செம்பு இளகி, இறுக்கும்போது நன்றாகப் படியும் என்று அன்றுதான் கற்றேன்.

அதோடு போயிருக்கலாம். குனிந்து, மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பைப்பையும் பார்த்தீர்கள். பெட்ரோல் டேங்கில் அதற்கு வழியே இல்லாததால், என்ஜின் மாற்றிய இடத்தில் அதை, டேங்கிலிருந்து டீசல் வரும் லைனிலேயே இணைத்திருந்தார்கள். காற்று வெளியேறாமல் சுற்றிச் சுற்றி வந்தது. மறுவாரமே டேங்கில் தனி வழி வைத்துவிட்டேன்.

இப்போது வாரம் இருமுறை மெட்டு ஏறுகிறோம். அப்பாவும் கூட வருகிறார். ஒன்பதாவது வளைவில் உங்களை நினைத்து ஒரு ஹாரன், அண்ணே.