37 டிகிரி எல்லா ஊரிலும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை வந்துவிட்டால் எந்த ஊரில் எத்தனை டிகிரி என்று தினமும் பட்டியல் போடுகிறீர்கள். நல்லதுதான். ஆனால் அந்த ஓர் எண்ணை வைத்து "வேலூரில் 41, சென்னையில் 37தானே, உங்களுக்கென்ன" என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது வருத்தமாக இருக்கிறது. நான் வேலூரில் வளர்ந்து சென்னைக்குக் குடிவந்தவன், இரண்டு வெயிலையும் உடம்பால் அறிந்தவன். வேலூர் வெயில் சுடும், கண் எரியும், ஆனால் வேர்வை உடனே காய்ந்துவிடும், நிழலில் ஒதுங்கினால் கொஞ்சம் மூச்சு விடலாம். சென்னையில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வேர்வை காயாது, அது காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? மதியம் கடற்காற்று தாமதமானால் ராத்திரி வரை ஒரே கசகசப்பு, குழந்தைகளுக்கு வேர்க்குரு, மின்விசிறி அனலைத்தான் அள்ளி வீசும்.

வானிலை ஆய்வு மையமே வெப்ப அலைக்குச் சமவெளியில் 40, கடலோரத்தில் 37, மலைப்பகுதியில் 30 டிகிரி என்று வேறு வேறு வரம்பு வைத்திருக்கிறது. ஊட்டிக்காரர் 30 டிகிரியில் தவித்தால் அது நியாயமான தவிப்பு, அங்கே பல வீடுகளில் மின்விசிறிகூடக் கிடையாது.

அதனால் ஒரு வேண்டுகோள். வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே ஈரப்பதத்தையும், முந்தைய இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையையும் தினமும் போடுங்கள். வெளியில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு அது நிஜமாகவே உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை