செயலாளரின் ஆண்டறிக்கை: புனித மக்லூ கோயிலோடு ஓராண்டு

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வட பிரான்சில் உள்ள ருவான் நகரின் வரலாற்றைத் தமிழில் படித்துப் பேசும் நம் வட்டம், மாதத்துக்கு ஓர் இடம் என்று ஓடுவதை நிறுத்திவிட்டு ஆண்டு முழுக்க ஒரே கட்டடத்தோடு இருப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தது. பேராலயம் வேண்டும் என்று சிலரும் புனித உவான் மடாலயம் வேண்டும் என்று சிலரும் கேட்டார்கள். கடைசியில் கைகள் அதிகம் உயர்ந்தது புனித மக்லூ பங்குக் கோயிலுக்குத்தான். பேராலயத்துக்குப் பேராயரும் குருக்கள் பேரவையும் இருந்தார்கள். உவானுக்கு மடத்துச் சொத்து இருந்தது. மக்லூவுக்கு இருந்தவர்கள் பங்கு மக்கள், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்த பகுதிவாசிகள் மட்டுமே. அவர்களால் எப்படி இவ்வளவு பெரிய வேலையை முடிக்க முடிந்தது என்ற கேள்விதான் இந்த ஆண்டு நம்மை இழுத்துச் சென்றது.

முதல் கூட்டங்கள் காலத்தைப் புரிந்துகொள்வதிலேயே போயின. 1419 ஜனவரியில் ருவான் ஆங்கிலேய அரசர் ஐந்தாம் ஹென்றியிடம் விழுந்தது. 1431 மே 30 அன்று ழான் தார்க்கை (ஜோன் ஆஃப் ஆர்க்) இதே நகரின் பழைய சந்தைச் சதுக்கத்தில் எரித்தார்கள். 1435 கடைசியில் பக்கத்துக் கோ வட்டாரத்தில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1436 ஏப்ரலில் பாரீஸ் பிரெஞ்சு அரசர் ஏழாம் சார்லஸ் பக்கம் போய்விட்டது. ருவான் மட்டும் 1449 வரை ஆங்கிலேயர் கையில் இருந்தது. புதிய கோயிலின் வேலை தொடங்கியது 1437ஐ ஒட்டி. அதாவது போர், பஞ்சம், வரி என எல்லாம் ஒன்றாக நெருக்கிய நேரம். பழைய கோயில் பழுதடைந்து கிடந்தது; ஆனாலும் இந்தக் காலத்தில் ஒட்டுப்போட்டுச் சமாளித்திருப்பார்கள் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். அவர்கள் அடியிலிருந்து கட்டத் தொடங்கினார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது? கட்டட நிதிக்குக் காசு போடுபவர்களுக்கு ஞானப் பலன்கள் உண்டு என்ற திருச்சபை அறிவிப்புகள் கொஞ்சம் கைகொடுத்தன. பெரிய தொகை வணிகக் குடும்பங்களிடமிருந்து வந்தது. அவற்றில் முன்னால் நின்றது துஃபூர் குடும்பம். கோயிலுக்குள் கல்லறை கிடைக்கும், பெயர் சொல்லிப் பூசை நடக்கும் என்பது அவர்களுக்குச் சின்ன விஷயமல்ல. பக்தியா கௌரவமா என்று ஒரு மாலை முழுக்க வாதாடினோம். இரண்டையும் பிரித்துப் பார்க்க நினைப்பது நம் காலத்துப் பழக்கம் என்பது என் கருத்து. குறிப்பேட்டில் அதை என் கருத்து என்றே எழுதியிருக்கிறேன்.

கட்டடத்துக்கு வருகிறேன். வரைபடத்தைக் கொடுத்தவர் பாரீஸிலிருந்து வந்த தலைமைக் கல்தச்சர் பியேர் ரோபேன். முழுக் கோயிலுக்கும் அவர் வரைந்து கொடுத்ததற்குக் கூலி தந்த பதிவு கோயில் கணக்கில் இருக்கிறது. அவருக்குப் பின் சிமோன் லெனுவார், ழான் ஷோவேன், 1467 முதல் 1480 வரை அம்புருவாஸ் அரேல், அப்புறம் ழாக் லெ ரூ என்று தலைமைக் கல்தச்சர்கள் மாறிக்கொண்டே வந்தார்கள். ஆட்சி மாறியது, ஒரு தலைமுறை போய் அடுத்தது வந்தது. ஆனால் உள்ளே நின்று பார்த்தால் ஒரே கை கட்டியது போலத்தான் தெரிகிறது. பேராலயத்தில் இந்த அனுபவம் கிடைக்காது. அங்கே 12ஆம் நூற்றாண்டுக் கோபுரமும் 16ஆம் நூற்றாண்டு முகப்பு வேலையும் அருகருகே நின்று தங்கள் வயதைச் சொல்கின்றன. மக்லூவில் ஒவ்வொருவரும் முதல் வரைபடத்தை மதித்து வேலை செய்திருக்கிறார்கள். புதிதாக வரும் மேஸ்திரி முந்தையவரின் வேலையைக் குறை சொல்லிவிட்டுத்தான் கரண்டியைத் தொடுவார் என்பது வீடு கட்டிய எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் இந்தக் கட்டுப்பாடு என்னை வியக்க வைக்கிறது.

அளவில் இது பெரிய கோயில் இல்லை. ஆனால் பேராலயத்தில் உள்ள உறுப்புகள் எல்லாம் சின்ன இடத்துக்குள் இருக்கின்றன. நடுக்கூடமும் குறுக்குக் கூடமும் வெட்டும் இடத்தில் மேலிருந்து வெளிச்சம் இறக்கும் கோபுரம், சுவரின் நடு மட்டத்தில் ஓடும் குறுகிய நடைபாதை, மேல் சன்னல்கள், வெளியிலிருந்து சுவரைத் தாங்கும் வளைவுகள் என எதுவும் விடுபடவில்லை. சன்னல் கல்வேலை சுடர் நெளிவது போல வளைந்து போகும் கடைசிக் காலக் கோதிக் பாணி; கோதிக் என்பது இடைக்கால ஐரோப்பாவின் கூர்வளைவுக் கட்டடக் கலை.

மேற்கு முகப்பைப் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமைதான் அதிகம் பேர் வந்த நாள். ஐந்து வளைவுகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூர்முக்கோணம். முகப்பு தட்டையாக இல்லாமல் நடுவில் முன்னே வந்து இரண்டு பக்கமும் பின்வாங்குகிறது. வளைவுகள் ஐந்தானாலும் கதவு உள்ளவை மூன்றுதான். இதைக் கண்டுபிடித்துச் சொன்னது ஒரு சிறுமி; பெரியவர்கள் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. நடு வாசலுக்கு மேலே இறுதித் தீர்ப்பின் சிற்பம். முகப்பு முடிந்து, 1521 ஜூன் 25 அன்று பேராயர் இரண்டாம் ஜோர்ஜ் தம்புவாஸ் கோயிலைப் புனிதப்படுத்தி வழிபாட்டுக்கு அர்ப்பணித்தார். தொடங்கி எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

கதவுகள் பற்றிய தகராறு இன்னும் தீரவில்லை. நடு வாசல் மரக்கதவில் இயேசுவின் விருத்தசேதனமும் திருமுழுக்கும் செதுக்கப்பட்டிருக்கின்றன. இவை சிற்பி ழான் கூழோனின் வேலை என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வது வழக்கம். அவர் 1541இல் இங்கே ஆர்கன் என்ற பெரிய குழல் இசைக்கருவியின் மேடையைத் தாங்கும் தூண்களைச் செய்தது உண்மை. கதவுகளோ 1550களைச் சேர்ந்தவை. அதற்குள் அவர் பாரீஸில் அரச வேலைகளில் இருந்தார். ஆகவே நம் துண்டறிக்கையில் தூண்களுக்கு மட்டும் அவர் பெயரைப் போட்டிருக்கிறோம். ஆர்கனுக்கு ஏறும் சுழல் படிக்கட்டு பியேர் கிரேங்குவாரின் கைவண்ணம். முதலில் அது பீடத்துக்கு முன்னால் இருந்த கல்தடுப்பின் படியாக இருந்தது. என்னைக் கேட்டால் கதவுகளைவிட இதற்கே அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

இழப்புகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1562இல் புராட்டஸ்டண்டுகள் நகரைப் பிடித்தபோது ருவானின் கோயில்கள் சூறையாடப்பட்டன. ஈயத்தகடு வேய்ந்த பழைய மரக்கூம்பு 18ஆம் நூற்றாண்டில் போய்விட்டது. இப்போது நாம் பார்க்கும் கல்கூம்பு 19ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் பார்த்தெலெமி எழுப்பியது. 1840இல் பிரான்ஸ் வெளியிட்ட முதல் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலிலேயே மக்லூ இடம்பெற்றது. 1944 குண்டுவீச்சில் கோயில் கடுமையாகச் சேதமடைந்தது. பழுதுபார்த்து மீண்டும் திறக்க 1980 ஆகிவிட்டது. ஏறக்குறைய முப்பத்தாறு ஆண்டுகள்! புதிதாகக் கட்ட ஆன காலத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு.

இனி நிர்வாக விஷயங்கள். தமிழ்த் துண்டறிக்கை அச்சாகி எல்லாக் குடும்பங்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. மறு அச்சுக்கு முன் ஊர்ப் பெயர்களின் எழுத்துக்கூட்டலைச் சீராக்க வேண்டும் என்று இரண்டு உறுப்பினர்கள் எழுதியிருக்கிறார்கள், செயற்குழு ஏற்றுக்கொண்டது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்று தேநீர் இடைவேளையிலேயே அவரைப் பார்த்தால் எனக்கு நினைவூட்டுக் கடிதங்கள் எழுதும் வேலை மிச்சம்.

வரும் ஆண்டுக்குக் கோயிலின் பின்புறத்தில் உள்ள கல்லறை முற்றத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை. 1348 கொள்ளைநோயில் இறந்தவர்களைப் புதைத்த நிலம் அது. 16ஆம் நூற்றாண்டில் அதைச் சுற்றி மரச்சட்டக் கட்டடங்கள் எழுந்தன, அவற்றின் மேல்தளத்தில் எலும்புகளை அடுக்கி வைத்தார்கள், தூண்களில், இறந்தவர்கள் உயிரோடிருப்பவர்களை இழுத்துச் செல்லும் மரண நடனக் காட்சியைச் செதுக்கினார்கள். சின்னப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போவதா என்பதில் இரண்டு கருத்து இருக்கிறது. அதை இந்தக் கூட்டமே வாக்கெடுத்து முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, அறிக்கையை ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்