மிக்சரில் கடலையை மட்டும் பொறுக்கலாமா? அனிமே தயாரிப்புக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஜப்பானிய அனிமே தயாரிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். தங்கள் அனிமேஷன் தொடர்களை ஆண்டுக்கணக்கில் பார்த்துவரும் தமிழ் நேயர்களுள் ஒருவன் என்ற முறையில், ஒரே ஒரு வேண்டுகோளுக்காக இம்மடலை எழுதுகிறேன். தொடரின் முகப்பில் ஒலிக்கும் பாடலை, ஒரு பருவத்தில் (சீசனில்) ஒரேயொரு முறையாவது, வெட்டாமல் முழுவதுமாக ஒலிக்கவிட வேண்டும் என்பதே அது. எல்லாப் பாடல்களுக்கும் நான் இதைக் கேட்கவில்லை. தொடங்கிய வேகத்திலேயே ஓடி முடிகிற பாடலைப் பாதியில் நிறுத்தினால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடுவதில்லை. பல பாணிகளைச் சேர்த்துக் கட்டிய பாடலை வெட்டும்போதுதான், எதற்காக அவற்றைச் சேர்த்தார்களோ அந்தக் காரணமே வெட்டுப்பட்டுப் போகிறது.

இதை எழுதத் தூண்டியது கிங் நூ என்ற ஜப்பானிய ராக் குழுவின் ‘ஸ்பெஷல்ஸ்’ என்ற தனிப்பாடல். 2023 செப்டம்பரில், ‘ஜுஜுட்சு கைசன்’ தொடரின் இரண்டாம் பருவத்தில் ஷிபுயா நிகழ்வுகளைச் சொல்லும் பகுதிக்கு முகப்புப் பாடலாக இது வெளியானது. ஹாலோவீன் இரவில் கூட்டம் நெரியும் டோக்கியோவின் ஷிபுயா வட்டாரத்தில் நடக்கும் பேரழிவுக் கதைக்கு முன்னால், தடித்துக் கரகரக்கும் பேஸ் கிட்டார் ஒலிக்கிறது. அதன்மேல் ஒரு குரல் உறுமுகிறது, இன்னொரு குரல் கண்ணாடி இழைபோல் உச்சத்தில் நீள்கிறது. உறுமும் குரல் குழுவின் பாடல்களை எழுதி இசையமைக்கும் ட்சுனேதா தாய்கியுடையது. உச்சக் குரல் இகுச்சி சதோருவுடையது. நாகானோ மாகாணத்தின் இனா என்ற ஊரில் வளர்ந்த இவ்விருவரும் பின்னர் டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் சந்தித்துக்கொண்டவர்கள். ட்சுனேதா அங்கே செல்லோ என்ற நரம்பிசைக் கருவி பயின்று பாதியில் வெளியேறினார். இகுச்சி குரலிசை பயின்றார். செக்கி யூவின் டிரம்ஸும் அராய் கஸுகியின் பேஸும் ஹிப்-ஹாப், ஃபங்க் பக்கத்து நடையைக் கொண்டுவருகின்றன. ஆகவே இவர்களின் கலவை, கடையில் கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போட்டுக் கிண்டியது அன்று. நால்வரும் தத்தம் கையில் படிந்த பழக்கத்தோடு ஒரே அறைக்குள் வந்து சேர்ந்ததால் விளைந்தது.

தம் பாணிக்கு அவர்களே ‘டோக்கியோ நியூ மிக்ஸ்சர் ஸ்டைல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதன்முறை அதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். எங்கள் ஊரில் மிக்சர் என்றால் ஓமப்பொடியும் காராபூந்தியும் வறுத்த கடலையும் கறிவேப்பிலையும் சேர்ந்த பொட்டலம். அதிலிருந்து கடலையை மட்டும் பொறுக்கித் தின்பவர் வீட்டுக்கு ஒருவர் இருப்பார். மிச்சத்தைத் தின்கிறவர்களுக்குத்தான் அவர் செய்த சேதம் தெரியும். தாங்கள் பாடலை வெட்டும் விதத்தைப் பார்க்கும்போது எனக்கு அவர் நினைவுதான் வருகிறது.

அந்த வெட்டின் கணக்கு நான் சொல்லித் தங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. இதைப் படிக்கும் தமிழ் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். முகப்புக்கென ஒதுக்கப்படும் இடம் 90 விநாடி. முன்னும் பின்னும் ஒரு கணம் அமைதி விட்டால் பாட்டுக்குக் கிடைப்பது 89 விநாடி. அதற்குள் ஏ-மெரோ, பி-மெரோ என்ற இரண்டு பகுதிகளைக் கடந்து, சாபி என்ற உச்சப் பகுதிக்கு வந்து சேர வேண்டும். நமக்குப் பழகிய திரைப்பாடல் பெரும்பாலும் மனத்தில் நிற்க வேண்டிய பல்லவியை முதலிலேயே வைத்துவிட்டுப் பிறகு சுற்றி வரும். ஜப்பானியப் பாடலில் அது வழக்கமாக மூன்றாவதாக வருகிறது. மூன்று பகுதிகளுக்கும் தனித்தனி முகம் கொடுத்தால்தான் அந்தக் குறுகிய நேரத்தில் காது பிடிபடும். இந்த நெருக்கடிக்கும் ஜப்பானிய ராக்கில் பாணிகள் சட்டென்று மாறும் வேகத்துக்கும் தொடர்பு உண்டு என்றே நினைக்கிறேன். அந்த அளவில் 89 விநாடி ஒரு நல்ல பட்டறை. அதை நான் குறை சொல்ல வரவில்லை.

குறை அதற்குப் பிறகுதான். முகப்பில் நாம் கேட்பது பொருள்களை அடுத்தடுத்து வைத்துக் காட்டுவதுடன் நின்றுவிடுகிறது. உறுமல் வருகிறது, உச்சக் குரல் வருகிறது, ‘நீ எனக்குத் தனி’ என்று திரும்பத் திரும்பச் சொல்லும் வரி வருகிறது, திரை மாறுகிறது. ஏறத்தாழ நான்கு நிமிடம் ஓடும் பாடலில் பாதிக்கும் மேற்பட்டது அந்த இடத்துக்கு வெளியே நிற்கிறது. அதே மெட்டு மறுபடி வரும்போதுதான் அது முன்போல் கேட்பதில்லை என்பது தெரிகிறது. முதலில் காதல் கொஞ்சலாகப் பட்ட வரி, இரண்டாம் சுற்றில் மிரட்டலாகத் தொனிக்கிறது. இரண்டு குரல்களும் ஒன்றையொன்று தாங்குகின்றனவா, இழுத்துக் கீழே தள்ளுகின்றனவா என்ற ஐயம் எழுகிறது. ஷிபுயாக் கதைக்கும் இந்தப் பாட்டுக்கும் உள்ள உறவே அந்த ஐயத்தில்தான் இருக்கிறது. அதைத் தொடர் மட்டும் பார்ப்பவர் கேட்பதே இல்லை.

என் அக்காவின் மகன் பன்னிரண்டு வயதுப் பையன். அந்தப் பருவம் முழுவதும் முகப்பை ஒருமுறைகூடத் தாண்டிவிடாமல், பேஸ் ஒலிக்கும் இடத்தில் சோபாவின் கைப்பிடியில் தாளம் போட்டுக்கொண்டு பார்த்தான். ஒரு நாள் காரில் போகும்போது முழுப் பாடலையும் போட்டேன். கூடவே முணுமுணுத்துக்கொண்டு வந்தவன், முகப்பில் பாட்டு முடியும் இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டான். பாட்டு நிற்காமல் போவதைக் கண்டு, “மாமா, இது ரீமிக்ஸா?” என்று கேட்டான். அவனைப் பொறுத்தவரை வெட்டிய துண்டுதான் அசல். கிங் நூ எழுதியது யாரோ பிற்பாடு நீட்டி வைத்தது. இரண்டாவது சரணத்தை வெட்டிவிட்டுப் படம் ஓட்டிய திரையரங்குகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அவனைத் திருத்தும் தகுதி இல்லை என்றாலும், திருத்தினேன்.

முழுப் பாடலுக்கு இடம் தருவது தங்கள் துறைக்குப் புதிதன்று. 2021 டிசம்பரில் வெளிவந்த ‘ஜுஜுட்சு கைசன் 0’ திரைப்படத்துக்கு இதே குழு ‘இச்சிஸு’, ‘சகாயுமே’ என்று இரண்டு பாடல்களைக் கொடுத்தது. ஒன்று மூச்சு வாங்க ஓடும் ராக். மற்றது மெல்ல எழுந்து விரியும் காதல் பாடல். இரண்டையும் ஒரே குறுந்தட்டில் சம மதிப்புடன் வெளியிட்டார்கள். 2016-இல் வந்த ‘யுவர் நேம்’ அனிமே திரைப்படத்தில் ராட்விம்ப்ஸ் குழுவின் பாடல்கள் கதையின் நடுவே நீண்டு ஒலித்தன. அதனால் கதை தொய்ந்துவிட்டதாக யாரும் முறையிட்டு நான் கேட்டதில்லை. திரைப்படத்தில் பாட்டுக்குக் கிடைக்கும் இந்த மரியாதை தொலைக்காட்சித் தொடரில் கிடைக்காததற்கு, நேரம் என்ற ஒன்றைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நான்கு நிமிடத்துக்குப் புதிதாகப் படம் வரையச் சொல்வது, ஏற்கெனவே ஓய்வின்றி உழைக்கும் ஓவியர்களுக்குச் செய்யும் கொடுமை என்பதை அறிவேன். நான் அதைக் கேட்கவில்லை. பருவத்தின் கடைசிப் பகுதி (எபிசோட்) முடிந்தபின் கறுப்புத் திரையில் பெயர்கள் மெதுவாக ஏறட்டும். பின்னால் முழுப் பாட்டு ஓடட்டும். தொலைக்காட்சியின் அரைமணிக் கட்டுக்குள் அது அடங்காதெனில், இணைய ஒளிபரப்புக்கான பதிப்பிலேனும் சேர்க்கலாம். அங்கே நிமிடக் கணக்குக்கு அந்த இறுக்கம் இல்லை. அப்போது பாடலை எழுதியவர், இசையமைத்தவர், வாசித்தவர் பெயர்களை எங்களால் படிக்கக்கூடிய எழுத்திலும் ஒருமுறை காட்டுங்கள். இன்று அவை கான்ஜி என்ற ஜப்பானிய எழுத்தில் இரண்டு விநாடி மின்னி மறைகின்றன. தமிழில் குரல் மாற்றி வெளியிடும் தொடர்கள் பலவற்றிலும் முகப்புப் பாடல் ஜப்பானிய மொழியிலேயே ஒலிக்கிறது. அது அப்படியே இருக்கட்டும், ஆனால் அந்த ஒரு முறையாவது பாடல் வரிகளின் பொருள் கீழே ஓடினால், கொஞ்சல் எங்கே மிரட்டலாகிறது என்பதை அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனும் தானே கண்டுகொள்வான்.

2023 நவம்பரில் கிங் நூ வெளியிட்ட ‘தி கிரேட்டஸ்ட் அன்னோன்’ தொகுப்பில், பாடல்களுக்கு இடையே குறும்பகுதிகளை வைத்து ஒன்றோடொன்று தைத்திருக்கிறார்கள். ‘ஸ்பெஷல்ஸ்’ அங்கே முன்பின் வரும் ஒலிகளோடு சேர்ந்துதான் கேட்கிறது. தம் பாடல் துண்டாக நிற்பதை அவர்களே விரும்பவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று நான் தேடப் போவதில்லை.

தங்கள் அடுத்த பருவத்தின் கடைசிப் பகுதியை, பெயர்கள் ஓடி முடியும்வரை எழாமல் பார்த்துக்கொண்டிருப்போம்.

இப்படிக்கு,
முகப்புப் பாடலைத் தாண்டிவிடாத நேயர்களுள் ஒருவன்