கூட்டுத் திட்டங்கள்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, பொதுக்குழு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்கள், உறுப்பினர் சேர்க்கை, சந்தா வரவு ஆகியவற்றின் விவரங்கள் உங்கள் கையிலுள்ள இணைப்பில் இருக்கின்றன. பிற அமைப்புகளோடு சேர்ந்து நடத்தும் கண்புரை சிகிச்சைத் திட்டத்தைப் பற்றி மட்டும் இங்கே விரிவாகச் சொல்கிறேன். இதே முறையில் இன்னொரு கூட்டுத் திட்டத்தை ஏற்பதா என்று பொதுக்குழு இன்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இத்திட்டத்தில் மூன்று தரப்பினர். முகாம் நடத்திப் பார்வைக் குறைவு உள்ளவர்களைக் கண்டறிவது நம் பொறுப்பு. பரிசோதனை, அறுவை சிகிச்சை இரண்டும் கண் மருத்துவமனையுடையவை. போக்குவரத்தையும் பிந்தைய கவனிப்பையும் ஒரு தொண்டு நிறுவனம் ஏற்றிருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு தரப்புதான் பதில் சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் முதல் விதி. ‘இரு தரப்பும் சேர்ந்து கவனிக்கும்’ என்று எழுதப்படும் வேலையை யாருமே கவனிப்பதில்லை. 1988-ல் தொடங்கிய உலகப் போலியோ ஒழிப்பு முயற்சியிலும் வேலை இப்படிப் பிரிக்கப்பட்டதைப் பார்க்கலாம். தொழில்நுட்ப ஒருங்கிணைப்பு உலக சுகாதார நிறுவனத்திடம், தடுப்பு மருந்துக் கொள்முதல் யுனிசெஃபிடம், நிதி திரட்டலும் தன்னார்வலர் பலமும் ரோட்டரியிடம் இருந்தன. அவரவருக்குக் கைவந்த வேலை அவரவரிடம் போயிற்று.

வேலையைப் பிரித்துவிட்டால் மட்டும் போதாது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் இடத்தில்தான் கூட்டுத் திட்டங்கள் சறுக்குகின்றன. முகாமில் தேர்வானவர் மருத்துவமனைக்குப் போன பிறகு இரத்தச் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ அதிகமாக இருந்தால் அறுவை சிகிச்சை தள்ளிவைக்கப்படும். மருத்துவமனையின் கணக்கில் அவர் ‘தகுதியில்லை’. நம் கணக்கில் ‘அனுப்பியாயிற்று’. வண்டி ஏற்பாடு செய்தவர்களின் கணக்கில் ‘கொண்டு விட்டாயிற்று’. மூன்று ஏடுகளும் சரியாகவே இருக்கும், அந்தப் பெரியவர் மட்டும் பார்வையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பார்.

இதற்காகவே ஒப்படைப்புச் சீட்டு வைத்திருக்கிறோம். ஒரே எண்ணில் மூன்று நகல். பெயர், வயது, எந்தக் கண், சர்க்கரை, இரத்த அழுத்தம், உடன் வருபவர், தொடர்பு எண் ஆகியவை அதில் இருக்கும். எந்தக் கண் என்பதைச் சுருக்கெழுத்தில் குறிக்கக் கூடாது, ‘வலது’ அல்லது ‘இடது’ என்று முழுச் சொல்லாக எழுத வேண்டும். கைப்பேசி இல்லாதவருக்கு அவர் வீட்டுச் செய்தியை உண்மையிலேயே கொண்டு சேர்க்கும் பக்கத்து வீட்டாரின் எண் வேண்டும். கொடுப்பவரும் பெறுபவரும் நேரம் குறித்துக் கையெழுத்திட வேண்டும். திருப்பி அனுப்பப்பட்டவரின் சீட்டில் காரணமும் மறுபடி வரவேண்டிய தேதியும் எழுதப்பட்டு, அது நம்மிடம் திரும்பி வந்தாக வேண்டும். அறுவைக்குப் பின் சொட்டு மருந்து சில வாரங்கள் தொடரும். கண்ணாடி அளவெடுப்பது பெரும்பாலும் ஒரு மாதத்துக்கு மேல்தான். அதுவரை அந்தச் சீட்டை ‘முடிந்தது’ என்று மூடக் கூடாது.

அடுத்தது சொற்களின் பொருள். ‘பயனாளி’ என்றால் முகாமுக்கு வந்தவரா, அறுவை செய்துகொண்டவரா, கண்ணாடி வாங்கியவரா? இதைத் தொடக்கத்திலேயே தீர்க்காவிட்டால் ஒரே நபரை மூன்று அமைப்புகளும் தனித்தனியாக எண்ணி, மூன்று ஆண்டறிக்கைகளில் போட்டுவிடும். 1999-ல் நாசாவின் செவ்வாய் விண்கலம் ஒன்று அழிந்ததும் இந்த வகைப் பிசகால்தான். விண்கலத்தைக் கட்டிய நிறுவனத்தின் மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் கொடுத்தது. வழிநடத்திய குழு அதை நியூட்டன் அலகென்று எடுத்துக்கொண்டது. நம் திட்டத்தில் கண்ணாடி பெற்று, கடைசிப் பார்வைப் பரிசோதனையும் முடித்தவரே பயனாளி. எண்ணிக்கை குறைவாகத்தான் தெரியும். அதுதான் நேர்மையான எண்ணிக்கை.

பணம் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். நன்கொடை தவணைகளாக வருகிறது. முதல் தவணைக்கான பயன்பாட்டுச் சான்றிதழ், அதாவது பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் சான்று, மூன்று தரப்பிலிருந்தும் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்தது வரும். ஒரு தரப்பு தாமதித்தால் மற்ற இருவரின் பணியும் நிற்கும். இந்த ஆண்டு ஒரு தரப்பின் சான்றிதழ் தாமதமானதால் இரண்டாம் தவணை தள்ளிப்போய், முகாம்களையும் தள்ளிவைக்க நேர்ந்தது. நிதிப் பற்றாக்குறையைவிட இந்தக் காலப் பொருத்தமின்மையால் நின்றுபோகும் திட்டங்களே அதிகம் என்பது என் உறுதியான கருத்து. இப்போது மாதம் முடிந்து 10 நாட்களுக்குள் கணக்கு, மூன்று தரப்பின் கணக்கையும் தொகுக்கும் முதன்மை அமைப்புக்குச் சேர வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. ஒவ்வொரு ரசீதிலும் திட்ட முத்திரை குத்தப்படும். ஒரே ரசீதை இரண்டு நன்கொடையாளர்களுக்குக் காட்ட அதன்பின் வழியில்லை.

பொருளாகவும் உழைப்பாகவும் தரும் பங்கைப் பற்றியும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். இடம், வண்டி, தன்னார்வலர் நேரம் ஆகியவற்றுக்கு என்ன மதிப்பு என்று எழுதாமல் விட்டால், பணம் போட்டவர் ‘எல்லாம் என் செலவு’ என்பார், உழைத்தவர் மனம் புண்படும். சர்வதேச விண்வெளி நிலையத்தில்கூட நாடுகள் பணத்தைக் கைமாற்றுவதைக் குறைத்து, பாகங்களையும் சேவைகளையும் பண்டமாற்றாகக் கொடுத்தே பல கடன்களை நேர் செய்கின்றன.

பதாகையில் பெயர் வரிசை, திட்டம் முடிந்தபின் உபகரணம் யாருக்கு, நோயாளி விவரங்களை யார் வைத்திருக்கலாம், விலக விரும்பினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பவை தலா ஒரு வரியில் ஒப்பந்தத்தில் இருக்கின்றன. விலகும் தரப்பு, பாதிச் சிகிச்சையில் இருப்பவர்களைக் கடைசி வரை கவனித்துவிட்டே போக வேண்டும் என்ற வரியை நாம் வலியுறுத்திச் சேர்த்தோம். அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

தொடர்பு அலுவலர் மாறும்போது பேச்சில் ஒப்புக்கொண்டதெல்லாம் அவரோடு போய்விடுகிறது. ஆகவே ஒவ்வொரு கூட்டுக் கூட்டத்தின் முடிவுகளும் 3 நாட்களுக்குள் எழுத்தில் மூன்று அலுவலகங்களுக்கும் போகின்றன. ஒவ்வொரு தரப்பிலும் ஒருவருக்குப் பதில் இருவர் பெயர் பதிவில் உள்ளது.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். புதிய கூட்டுத் திட்டம் எதுவானாலும் ஒப்படைப்புச் சீட்டின் மாதிரியும் பயனாளி என்ற சொல்லின் வரையறையும் தயாரான பிறகே புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். தவணை தாமதமானால் சிகிச்சையின் நடுவில் இருப்பவர்களின் செலவுக்கென்று சங்கத்தின் பொது நிதியில் ஒரு பகுதியைத் தனியே ஒதுக்க வேண்டும். தொகையைச் செயற்குழு நிர்ணயிக்கட்டும்.

தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.