இன்வேட்டரை இப்போதைக்கு வாங்காதே

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பேராதனையில் இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் சந்தோசம். கண்டியிலேயே வீடு இருக்கிறபடியால் உனக்கு விடுதிச் செலவும் இல்லை, கொடுத்து வைத்தவன்.

சரி, உன் ஹைபிரிட் கார் விசயம். இன்வேட்டர் என்பது பெரிய பற்றரியின் மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி. கராஜில் "இன்வேட்டர் போய்விட்டது" என்று சொன்னதை நம்பிக் கொழும்பில் உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்கு ஓடாதே. நீ எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. டவுனுக்குள் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. கொழும்பிலிருந்து திரும்பி, ஏசியும் போட்டு, ஆட்களோடு கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறும்போதுதான் சிவப்பு முக்கோணம் எரிந்து இழுவை குறைகிறது. ஓரமாக நிறுத்தி ஆறவிட்டால் திரும்ப ஓடுகிறது. இன்வேட்டருக்குள் எரிந்துபோன டிரான்சிஸ்டர் ஆறவிட்டால் உயிர் பெறுமா? சூட்டில் வந்து ஆறினால் போகிற கோளாறு என்றால் முதலில் கூலிங்கைத்தான் பார்க்கவேண்டும்.

உன்னுடையது 2003இல் வந்த இரண்டாம் தலைமுறை பிரியஸ். அதில் இன்வேட்டருக்கு எஞ்சினோடு சேராத தனிக் கூலன்ட் (சூட்டை ஆற்றும் திரவம்) சுற்று இருக்கிறது. அதை ஓட்டுவது முன்பக்கம் ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு சின்ன மின் பம்ப். வயது போனால் அது அடங்கிவிடும். 2012இல் டொயோட்டா திருத்தத்துக்காக வாகனங்களைத் திரும்ப அழைத்தபோது இந்தப் பம்பும் அதில் ஒரு காரணம். சோதிக்கக் கருவி ஒன்றும் தேவையில்லை. எல்லாம் ஆறியிருக்கும் காலையில் காரை ரெடியில் (ஓடத் தயார் என்று ரெடி விளக்கு எரியும் நிலையில்) போட்டு, இன்வேட்டர் கூலன்ட் தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே பார். கூலன்ட் சுழன்று அலையவேண்டும். கிணற்றுத் தண்ணீர்போல அசையாமல் நின்றால் ஒன்றில் பம்ப் ஓடவில்லை, இல்லாவிட்டால் குழாயில் காற்று அடைத்திருக்கிறது. அண்மையில் கூலன்ட் மாற்றியிருந்தால் காற்றின் மேல்தான் என் சந்தேகம். பம்பின் பிளக்கில் 12 வோல்ட் வந்தும் அது சுழலவில்லையென்றால் பம்பை மாற்று. இன்வேட்டர் விலையோடு பார்த்தால் அது சில்லறைக் காசு.

காரின் கணினியில் என்ன கோளாறுக் கோட் வந்தது என்று நீ கேட்டதற்கு "இன்வேட்டர் கோட்" என்றார்களாம். அது ஒரு பதிலா? பி0ஏ93 என்றால் இன்வேட்டரின் கூலிங் சரியில்லை என்று அர்த்தம், இன்வேட்டர் செத்துவிட்டது என்றல்ல. பி0ஏ78 வந்தால்தான் இன்வேட்டரைச் சந்தேகிக்கலாம். அப்போதும் அதோடு வருகிற மூன்று இலக்கத் துணை எண்ணைப் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது. சாதாரண ஸ்கேனர்கள் பெரும்பாலும் அந்த எண்ணைக் காட்டுவதில்லை, டொயோட்டாவின் சோதனை மென்பொருளான டெக்ஸ்ட்ரீம் வைத்திருப்பவரிடம் கொண்டுபோ. முக்கோணம் எரிந்த அந்த நேரத்து வெப்பநிலைகளும் அதில் பதிந்திருக்கும்.

இன்னொன்று பி0ஏஏ6. உயர் மின்னழுத்தம் எங்கோ காரின் இரும்பு உடலுக்குக் கசிகிறது என்று சொல்லும் கோட் இது. துணை எண் 611 என்றால் ஏசி கம்பிரசர் பக்கம், 612 பற்றரி, 613 கியர்பெட்டி, 614தான் இன்வேட்டரும் அதன் கேபிள்களும். ஏசிக்கு காஸ் அடிக்கிறவர்கள் இந்தக் கம்பிரசருக்கு உரிய என்டி-11 எண்ணெயை விட்டுவிட்டுச் சாதாரண எண்ணெயை ஊற்றினால் 611 வந்து நிற்கும். அதற்கும் இன்வேட்டரைக் கழற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

பின்பக்க பூட்டில் (டிக்கியில்) இருக்கிற 12 வோல்ட் பற்றரியையும் அளந்து பார். ரெடியில் 14 வோல்ட்டுக்குக் கிட்ட நிற்கவேண்டும். 12க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் மட்டும் எனக்கு உடனே சொல், ஏனென்றால் அந்தப் பற்றரியைச் சார்ஜ் பண்ணும் பகுதி இன்வேட்டர் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

உன் கராஜ்காரர் மூன்றாம் தலைமுறைக் கதையைக் கேட்டுவிட்டு உன் காருக்கும் அதையே சொல்கிறார் என்று நினைக்கிறேன். 2014இல் மென்பொருள் காரணமாக இன்வேட்டர் டிரான்சிஸ்டர்கள் சூடேறிக் கெடலாம் என்று ஏறத்தாழ 19 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அவை 2009க்குப் பிறகு வந்தவை. உன் மொடலின் இன்வேட்டர் லேசில் சாகாது. எனக்குக் கோபம் வருவது "மாற்றிப் பார்ப்போம்" என்கிற பழக்கத்தின் மேல்தான். பரிசோதனை அவர்களுடையது, காசு உன்னுடையது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல் திரும்பத் திறக்கும்வரை பழைய கார்களை வைத்தே காலம் தள்ளினோம், அந்தக் கார்களுக்கு அளந்து பார்க்கிற பொறுமை இன்னும் கூடவல்லவா வேண்டும்!

ஒரேயொரு கட்டளை: ஆரஞ்சு நிறக் கேபிளில் கை வைக்காதே. விடுதி ரேடியோவைத் திறந்து கரண்ட் அடித்து விழுந்தவன் நீ, எனக்கு மறக்கவில்லை. பெரிய பற்றரி 201.6 வோல்ட், இன்வேட்டருக்குள் அது 500 வரை ஏறும். பூட்டில் உள்ள சேர்விஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும் குறைந்தது 5 நிமிடம் பொறுத்து, மின்கையுறை போட்டு, அளந்து பார்த்துவிட்டுத்தான் தொடவேண்டும். அது தெரிந்தவன் வேலை. திரும்பப் பூட்டும்போது அந்தப் பிளக்கின் பிடியைக் கடைசிவரை தள்ளிப் பூட்டினார்களா என்று மட்டும் நீ பார். பாதியில் விட்டால் கார் ரெடிக்கே வராது, பிறகு அதற்கும் இன்வேட்டர்தான் பழி சுமக்கும்.

யாழ்ப்பாணத்தில் இன்னும் மழை இல்லை, வெங்காயம் வைத்தவர்கள் வானத்தைப் பார்த்தபடி இருக்கிறார்கள். முழங்கால் வலியால் கராஜை மகனிடம் விட்டுவிட்டேன். ஹைபிரிட் வந்தால் மட்டும் கதிரை போட்டு என்னை இருத்திவிடுவான்.

கோட் எண்ணையும் துணை எண்ணையும் படமெடுத்து அனுப்பு. பம்ப்தான் என்றால் மகன் அடுத்த கிழமை கொழும்பு போகிறான், வாங்கிக் கண்டி பஸ்ஸில் போட்டுவிடுவான். மனுசியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்