முன்முற்றத்தில் வண்டி நிறுத்த இடம் கொடுங்கள்: வணிக வளாக நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். புதுச்சேரி விழுப்புரம் சாலையில் நீங்கள் புதுப்பித்துத் திறந்திருக்கும் வளாகத்தின் பெயரை இம்மடலில் நான் எழுதப் போவதில்லை; ரெட்டியார்பாளையத்திலிருந்து மூலக்குளம் வரை குடியிருப்பவர்களுக்கு அது தேவையும் இல்லை. முன்முற்றத்தில் இனி இருசக்கர வாகனங்களுக்கும் ஆட்டோக்களுக்கும் அனுமதியில்லை, இருசக்கர வண்டிகள் அனைத்தும் பேஸ்மென்ட்டுக்கே செல்ல வேண்டும், மீறி நிறுத்தினால் சக்கரத்துக்குப் பூட்டுப் போடப்படும் என்று சென்ற வாரம் நுழைவாயிலில் நீங்கள் ஒட்டிய அறிவிப்பே இதை எழுத வைத்தது.

புதுப்பித்ததால் ஒரு நன்மையும் இல்லை என்று சொல்ல மாட்டேன். கழிப்பறைகள் சுத்தமாக இருக்கின்றன, லிஃப்ட் ஓடுகிறது, தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்த மின்கம்பிகள் சுவருக்குள் போய்விட்டன. ஜெராக்ஸ் கடைக்காரரும் சாவி செய்பவரும் புதிய வாடகைக்கு ஈடுகொடுக்க முடியாமல் வெளியேறியது வருத்தம்தான், ஆனால் அது உங்கள் வியாபாரக் கணக்கு என்று விட்டுவிடலாம். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நான்கு எட்டில் உள்ளே போக முடிந்ததை அப்படி விட்டுவிட முடியவில்லை.

உங்கள் முதல் மாடியில் இரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்று காலை ஏழு மணிக்கே திறந்துவிடுகிறது. சர்க்கரை நோயுள்ளவரும் பக்கவாதத்துக்குப் பின் ஒரு காலை இழுத்து நடப்பவருமான என் மாமியார், வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க அங்கேதான் வர வேண்டும். முன்பெல்லாம் ஸ்கூட்டரைப் படியோரம் நிறுத்துவேன். அவர் என் தோளைப் பற்றிக்கொண்டு இறங்கி, நேரே லிஃப்டுக்குப் போய்விடுவார். இப்போது பேஸ்மென்ட் கதவு கடைகள் திறக்கும் நேரத்தில்தான் திறக்கப்படுகிறது. முற்றத்தில் நிறுத்தக் காவலாளி விடுவதில்லை. சாலையோரம் நிறுத்தினால் போக்குவரத்துப் போலீசார் வண்டியைத் தூக்கிப் போய்விடுவார்கள். ஆட்டோவில் வந்தாலும் அது வாசலுக்கு வெளியே, விழுப்புரம் பேருந்துகள் ஒதுங்கும் இடத்திலேயே நின்றுவிடுகிறது. கதவு திறந்த பிறகு வருகிறோம் என்றால், அவரைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு அந்த வழுக்கும் சரிவில் இறங்க எனக்குத் துணிவில்லை. ஆகவே சாப்பிடாத வயிற்றோடு அவரைச் சாலையோரத்தில் தனியாக நிற்க வைத்துவிட்டு, நான் கீழே போய், டோக்கன் வாங்கி, இடம் தேடி, மேலே ஏறி வர வேண்டியிருக்கிறது. கடந்த முறை நான் திரும்பி வந்தபோது, பூ விற்கும் அம்மாள் ஒருவர் தம் முக்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தாம் நின்றுகொண்டு பூக் கட்டிக்கொண்டிருந்தார். உங்கள் முற்றத்தில் நீரூற்று இருக்கிறது, ஒளிரும் எழுத்தில் ‘ஐ லவ் பாண்டி’ இருக்கிறது. உட்கார ஓர் இருக்கை இல்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஓரிடம் ஒதுக்கியிருப்பதாக உங்கள் மேலாளர் சொன்னார். போய்ப் பார்த்தேன், சக்கர நாற்காலிப் படம் வரைந்த அந்த இடத்தில் விளம்பரப் பலகையும் இரண்டு பூந்தொட்டிகளும் நிற்கின்றன. இத்தகைய இடம் குறைந்தது 3.6 மீட்டர் அகலத்துடன், நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு மாதிரிக் கட்டட விதிகள் கூறுகின்றன. அதே ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், தனியார் கட்டடமானாலும் பொதுமக்கள் வந்துபோகும் கடைகளும் வளாகங்களும் அனைவரும் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்கிறது. அப்படி இல்லாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழே தரக் கூடாது என்று அதன் 44ஆம் பிரிவு சொல்கிறது. இவை உங்கள் கட்டடக் கலைஞருக்குத் தெரியாதவை அல்ல.

மழையையும் யோசித்துப் பாருங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கிருஷ்ணா நகரில் ராணுவத்தினர் வந்து மக்களை மீட்க வேண்டியிருந்தது. அதைக் கண்ட ஊரில், பெரும்பாலோர் ஓட்டிவரும் இருசக்கர வண்டிகள் அனைத்தையும் தரைக்குக் கீழே அனுப்பிவிட்டு, கார்களை மட்டும் மேட்டில் நிறுத்த உங்களுக்கு எப்படித் தோன்றியதோ தெரியவில்லை. காரில் வருபவர் நிறைய வாங்குவார், ஸ்கூட்டரில் வருபவர் வேடிக்கை பார்ப்பார் என்ற கணக்காக இருக்கலாம். அப்படியானால் இத்தனை ஆண்டுகளாக உங்கள் மளிகைக் கடையில் மாதச் சாமான் வாங்கி, அரிசி மூட்டையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு போனவர்கள் யார் என்று அந்தக் கடைக்காரரையே கேளுங்கள்.

இப்போதெல்லாம் இந்த ஊரில் எதைப் புதுப்பித்தாலும், சனி ஞாயிறு வந்து படமெடுத்துக்கொண்டு போகிறவர்களுக்காகவே புதுப்பிக்கிறார்கள்; திங்கட்கிழமையும் இங்கேயே இருப்பவர்கள் நினைவுக்கு வருவதில்லை. கடற்கரைச் சாலையில் மாலையானால் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள், அதை எங்களில் யாரும் குறை சொல்வதில்லை. அங்கே நடப்பதற்காகவே போகிறோம். இரத்தம் கொடுக்கவும் மருந்து வாங்கவும் வருபவர்களை உலாவ வந்தவர்களாக நினைப்பது, விருந்துக்கு அழைத்துவிட்டு இலையைக் கொல்லைப்புறத்தில் போடுவதைப் போன்றது.

கோபம் என்னை எங்கேயோ இழுத்துக்கொண்டு போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது பெரிதன்று. முன்முற்றத்தில் ஒரு பகுதியை மீண்டும் இருசக்கர வண்டிகளுக்கு ஒதுக்குங்கள். முழு முற்றமும் வேண்டாம். படியை ஒட்டி ஒரு வரிசை போதும், அதுவும் காலை ஏழு மணி முதல். முதியவர்களையும் நோயாளிகளையும் இறக்கிவிட ஆட்டோக்களை உள்ளே விடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்திலிருந்து பூந்தொட்டிகளை எடுத்துவிடுங்கள். டோக்கன் கட்டணத்துக்காக நான் சண்டைக்கு வரவில்லை. எனினும் வணிக வளாகங்களில் முதல் 30 நிமிடங்களுக்கு நிறுத்தக் கட்டணம் வாங்கக் கூடாது என்று தெலங்கானா அரசு 2018ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டிருப்பதை உங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறேன். ஒருவரை இறக்கிவிட்டுப் போக அந்த அரை மணி நேரம் தாராளம்.

ஐப்பசி மழை தொடங்குவதற்குள் முற்றத்தில் எங்கள் வண்டிகளுக்கு இடம் ஒதுக்கி, அதை இப்போதைய அறிவிப்பு இருக்கும் அதே இடத்தில், தமிழில், எழுதி ஒட்டுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நேரில் பேச அழைத்தால் வரத் தயாராக இருக்கிறேன். என் மாமியாரும் வருவதாகச் சொல்கிறார். அன்று மட்டுமாவது ஸ்கூட்டரை வாசலில் நிறுத்த அனுமதிக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ரெட்டியார்பாளையத்தில் குடியிருக்கும் உங்கள் நெடுநாள் வாடிக்கையாளர்