தட்டோடு நடக்கும் சண்டை

அன்புள்ள கலா,

உன் கடிதத்தை மூன்று நாள் மேசை மேலேயே வைத்திருந்தேன். ஆறுதல் சொல்லி நிரப்ப மனம் வரவில்லை. "சாப்பாட்டுத் தட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்" என்று, புற்றுநோய்க்குக் கீமோ மருந்து எடுத்துக்கொள்ளும் உன் மகளைப் பற்றி எழுதியிருந்தாய். குழந்தைகள் புற்றுநோய் வார்டில் நர்ஸாக இருந்தவளுக்கு இது பழகிய புகார்தான். அவள் அடம் பிடிக்கவில்லை, கலா. உடம்பு அப்படிச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

1978இல் இலீன் பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க உளவியலாளர், கீமோவுக்குச் சற்று முன்பு குழந்தைகளுக்குப் புதுச் சுவையில் ஐஸ்கிரீம் கொடுத்துப் பார்த்தார். பிற்பாடு அந்தக் குழந்தைகளில் பலர் அந்தச் சுவையையே ஒதுக்கினார்கள். குமட்டல் வந்தது மருந்தால். பழி விழுந்தது ஐஸ்கிரீம் மேல். அதனால் அவளுக்கு மிகவும் பிடித்ததைக் கீமோ நாளில் கொடுக்காதே, நல்ல நாளுக்கு வைத்துக்கொள். சாப்பாட்டுக்கும் கீமோவுக்கும் நடுவில் அழுத்தமான சுவையுள்ள ஒரு மிட்டாயைக் கொடுத்தால் பழி பெரும்பாலும் அதன் மேல் போய்விடுகிறது என்றும் பிந்தைய ஆய்வில் கண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது.

வாந்தியைத் தடுக்கும் ஒண்டான்செட்ரான் மருந்தை வாந்தி வந்த பிறகு கொடுத்தால் பாதிப் பயன் போய்விடும். கீமோ தொடங்குமுன் கொடுக்க வேண்டும். மறுநாளும் தொடர வேண்டுமா என்று கேட்டுக்கொள். ஊசி போடுமுன்னே, ஸ்பிரிட் வாசனைக்கே ஓங்கரிக்கும் குழந்தைகளையும் பார்த்திருக்கிறேன். உன் மகளும் அப்படியென்றால் மறைக்காமல் சொல். அதற்குத் தனி மருந்தும் பயிற்சியும் உண்டு.

வாந்தியைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், மலச்சிக்கலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து குடலை இயக்கும் நரம்புகளை மந்தமாக்கும். ஒண்டான்செட்ரானும் தன் பங்குக்குக் கட்டிவைக்கும். மலமிளக்கியை எழுதிக் கொடுத்திருந்தால், வயிறு கல்லாகும் வரை காத்திராமல் சொன்னபடி கொடுத்து வா. ஒன்றை மட்டும் அடிக்கோடிட்டு எழுதுகிறேன்: டாக்டரைக் கேட்காமல் எனிமாவோ ஆசனவாய் மாத்திரையோ கூடாது. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது அங்கே ஏற்படும் சின்னக் கீறல் வழியாகக்கூடக் கிருமி இரத்தத்துக்குள் போய்விடும். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையையும் நீயாகக் கொடுக்காதே.

மெத்தோட்ரெக்சேட் என்ற இன்னொரு கீமோ மருந்து போட்ட சில நாட்களில் வாய்ப்புண் வரலாம். மிருதுவான பிரஷ், உப்புநீர்க் கொப்பளிப்பு, காரமும் புளிப்பும் இல்லாத ஆறிய உணவு. விழுங்கும்போது வலித்தால் வலி மருந்தைத் தயங்காமல் கேள். வலியோடு எந்தக் குழந்தையும் சாப்பிடாது.

38 டிகிரி செல்சியஸ் காய்ச்சலோ விடாத வயிற்றுவலியோ வந்தால் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடு, விடியட்டும் என்று இருக்காதே. தண்ணீர் கூட நிற்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது என்றாலும் அப்படியே.

மற்றபடி, மூன்று வேளை முழுச் சாப்பாடு என்ற கணக்கை இப்போதைக்கு மறந்துவிடு. இரண்டு வாய் போதும், இரண்டு மணி நேரம் கழித்து இன்னும் இரண்டு வாய். பசியைத் தூண்டிவிடும் ஸ்டீராய்டு மருந்து கொடுக்கும் வாரம் வந்தால் இவளே நடுராத்திரியில் எழுப்பிச் சாப்பாடு கேட்பாள், அப்போது நீ தூக்கம் கெட்டு என்னைத் திட்டுவாய்.

என் முழங்கால் வலிக்கு ஒரு குறையும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் அதற்கு என் ஞாபகம் அதிகம் வருகிறது. அவளுக்குக் கொடுக்கும் மருந்துகளின் பெயர்களை அட்டையில் உள்ளபடியே எழுதி அனுப்பு. டாக்டரிடம் என்னென்ன கேட்கலாம் என்று நான் குறித்துத் தருகிறேன்.

அன்புடன்,
சரசு